யூரிக் அமிலமும் மலைக்குளிரும் என் அடுப்படியும்

யூரிக் அமிலம் கூடி, அது மூட்டில் படிந்து வலி தரும் கவுட் என்ற நோய் வந்திருக்கிறது என்று தெரிந்தவுடன், மருந்துக்கு முன்பே ஒருவருக்கு வந்து சேர்வது விலக்க வேண்டிய உணவுகளின் பட்டியல்தான். எனக்கும் வந்தது. பக்கத்து வீட்டு அக்கா ஒன்று சொன்னார். மதுரையில் இருக்கும் தங்கை ஒன்றை அனுப்பினாள். மருந்துக் கடையில் அச்சடித்து வைத்திருந்த தாள் ஒன்றை மகன் கொண்டுவந்தான். மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தபோது துவரம் பருப்பு, பயறு, கீரை, காலிஃபிளவர், காளான், பட்டாணி, தக்காளி, புளி எல்லாம் போய், சோறும் மோரும் மட்டுமே மிஞ்சின. மூன்று பட்டியல்களும் ஒத்துப்போன ஒரே வரி, பீர் குடிக்கக் கூடாது என்பது. கொடைக்கானலில் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்ற, பீர்ப் புட்டியைக் குப்பைமேட்டில் தவிர வேறெங்கும் அருகில் பார்த்திராத எனக்கு அந்த வரியால் ஒரு பயனும் இல்லை.

இந்தப் பட்டியல்கள் பெரும்பாலும், குடியும் இறைச்சியும் கொண்ட நடுவயது ஆண் ஒருவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. அறுபதைத் தாண்டிய, இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிற, குளிர்ப் பிரதேசத்தில் வாழ்கிற ஒரு பெண்ணின் சமையலறையில் பார்க்க வேண்டியவை வேறு. அவற்றை எழுதி வைத்தால் என்னைப் போன்ற சிலருக்குப் பயன்படும் என்பதற்காகவே இந்தப் பதிவு. நான் மருத்துவர் அல்லள். எனக்கு வைத்தியம் பார்ப்பவரிடம் கேட்டதையும், படித்துத் தெளிந்ததையும், என் வீட்டில் செய்து பார்த்ததையும் மட்டுமே சொல்கிறேன்.

முதலில் நோயின் இயல்பைச் சொல்லிவிட வேண்டும். நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் ப்யூரின் என்ற பொருள் இருக்கிறது. உயிரணுக்கள் அழியும்போதும், நாம் உண்ட உணவு செரிக்கும்போதும் அந்த ப்யூரின் சிதைந்து யூரிக் அமிலமாகிறது. பெரும்பாலான பாலூட்டி விலங்குகளிடம் யூரிக் அமிலத்தையும் கரைத்துத் தள்ளும் யூரிகேஸ் என்ற நொதி உண்டு. மனிதருக்கு அது இல்லை. ஆகவே அதை வெளியேற்றும் பொறுப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சிறுநீரகத்தின் மேலும், எஞ்சியது குடலின் மேலும் விழுகிறது. உணவைப் பற்றிப் பேசும்போது மறக்கக் கூடாத ஒன்று உண்டு: உடலில் உண்டாகும் யூரிக் அமிலத்தில் பெரும்பங்கு, சுமார் மூன்றில் இரண்டு, உடலுக்குள்ளேயே பிறக்கிறது, தட்டிலிருந்து வருவது மூன்றில் ஒரு பங்குதான். எவ்வளவு கடுமையாகப் பத்தியம் இருந்தாலும் இரத்த அளவு டெசிலிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவே குறையும் என்று மருத்துவர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. எனக்கு 8.1 இருந்தது, உணவை மட்டும் மாற்றியதில் 7.2 வரை இறங்கியது. அதற்கு மேல் அசையவில்லை.

பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் வரை ஈஸ்ட்ரோஜன் ஒரு காவலாக இருக்கிறது. அது யூரிக் அமிலத்தைச் சிறுநீரகம் வெளியேற்றத் துணை செய்வதால், இளவயதில் இந்நோய் பெண்களுக்கு வருவது அரிது. மாதவிடாய் நின்ற பிறகு அந்தக் காவல் போய்விடுகிறது. அதே காலத்தில்தான் இரத்த அழுத்தமும் வந்து சேர்கிறது. அழுத்தத்துக்குத் தரப்படும் மாத்திரைகளில் நீர் பிரியச் செய்யும் வகை ஒன்று உண்டு. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை யூரிக் அமிலம் வெளியேறுவதைக் குறைத்துவிடுகின்றன. பல நேரங்களில் இவை வேறொரு மருந்தோடு சேர்ந்த ஒரே மாத்திரையாக இருப்பதால், பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும் எச் என்ற எழுத்தை நாம் கவனிப்பதில்லை. என் மாத்திரையிலும் அந்த வால் இருந்தது. மருத்துவர் அதை மாற்றி, யூரிக் அமிலத்தைச் சற்றே குறைக்கும் தன்மையுள்ள லோசார்டானை எழுதினார். பட்டியலை வைத்துக்கொண்டு பருப்போடு போராடுவதற்கு முன், மாத்திரை அட்டையை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது பல பெண்களுக்குப் பெரிய பயன் தரும். ஆனால் தாமாக எந்த மாத்திரையையும் நிறுத்திவிடக் கூடாது. இரத்த அழுத்தம் கட்டுமீறினால் அதன் விளைவு கால் வலியோடு நிற்காது.

இனிக் குளிருக்கு வருகிறேன். யூரிக் அமிலத்தின் உப்பு இரத்தத்தில் எவ்வளவு கரைந்து நிற்கும் என்பது வெப்பத்தைப் பொறுத்தது. 37 டிகிரி செல்சியஸில் டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராம் வரை கரைந்திருக்கும். 35 டிகிரியில் 6 ஆகவும், 30 டிகிரியில் 4.5 ஆகவும் அந்த எல்லை தாழ்ந்துவிடும். மார்கழிக் குளிரில் மலைத்தேன் புட்டியின் அடியில் பூத்து உறைவதைப் போல, உடலின் வெப்பம் குறைந்த ஓரங்களில், அதாவது கால் கட்டைவிரல் மூட்டிலும் பாதத்திலும் காது மடலிலும், அது ஊசி ஊசியாகப் படிகிறது. அந்தப் படிகங்களை எதிரியென எண்ணி உடலின் வெள்ளணுக்கள் பாயும்போதுதான் போர்வை பட்டாலும் அலறச் செய்யும் வலி வருகிறது. வயதான பெண்களுக்குக் கட்டைவிரலோடு, ஏற்கெனவே தேய்ந்து முடிச்சு விழுந்த கைவிரல் மூட்டுகளிலும் அது வரலாம். தேய்மானம் என்று எண்ணி விட்டுவிடுவதால் தாமதமாகவே கண்டுபிடிக்கப்படுகிறது.

ஏழாயிரம் அடி உயரத்தில், ஏரிக்கரைப் புல் உறைபனியில் வெளுத்துக் கிடக்கும் காலத்தில், கால்விரல்களின் வெப்பம் எவ்வளவு இருக்கும் என்று நானே ஊகித்துக்கொள்ள முடிந்தது. இரவில் கம்பளிக் காலுறை போடுவதை நான் இப்போது உணவுப் பத்தியத்துக்குச் சமமாகவே மதிக்கிறேன். அதைவிடப் பெரியது தண்ணீர். சமவெளியில் வெயில் நம்மைத் தண்ணீர் குடிக்க வைக்கும். இங்கே தாகமே எடுக்காது. காலையில் ஒரு காபி, பதினொரு மணிக்கு ஒரு தேநீர், மதியச் சாப்பாட்டோடு ஒரு தம்ளர் நீர் என்று பொழுதைக் கழிப்பவர்கள் எங்கள் தெருவில் பலர். சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகப் போகும்போது யூரிக் அமிலம் வெளியேறுவது குறைவதோடு, சிறுநீரகத்திலேயே கல்லாகப் படியவும் வாய்ப்பு உண்டு. நான் வெந்நீரைச் சூடாறாக் குப்பியில் நிரப்பி அடுப்படி மேடையில் வைத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் அதைக் காலி செய்துவிடுகிறேன். மொத்தத்தில் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். இதய பலவீனமோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.

குளிர் என்றவுடன் சூப் வந்துவிடுகிறது. மூட்டு வலி என்று யாரிடம் சொன்னாலும் ஆட்டுக்கால் சூப் குடி, எலும்புக்குப் பலம் என்பார்கள். என் அண்ணி அன்பு மிகுதியால் வாரந்தோறும் ஒரு தூக்குவாளி நிறையக் கொடுத்து அனுப்புவார். ப்யூரின் நீரில் கரையும் பொருள். இறைச்சியையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்க வைக்கும்போது அது சாற்றில் இறங்குகிறது. அதனால்தான் இறைச்சியை வேகவைத்து அந்த நீரைக் கொட்டிவிட்டால் கறியில் ப்யூரின் குறையும். நாமோ கறியை விட்டுவிட்டு நீரைக் குடிக்கிறோம். தேய்மானத்துக்குச் சூப் நல்லதா என்பது வேறு கேள்வி. யூரிக் அமிலம் உள்ளவருக்கு அது பகை. அண்ணியிடம் இதைச் சொல்வது எளிதாக இருக்கவில்லை. “எங்கம்மா தொண்ணூறு வயசு வரைக்கும் குடிச்சாங்க” என்றார். அவருடைய அம்மாவின் சிறுநீரகம் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேனே தவிர, சொல்லவில்லை.

ஈரல், மூளை, சுவரொட்டி, குடல் ஆகிய உள்ளுறுப்புகள், நெத்திலி, மத்தி, எல்லா வகைக் கருவாடு ஆகியவற்றை அறவே விட்டுவிட்டேன். உலர்த்தும்போது நீர் போய்விடுவதால் கருவாட்டில் ப்யூரின் அடர்ந்து நிற்கிறது. ஒரு துண்டுதானே என்ற சமாதானம் அங்கே செல்லாது. கோழிக்கறியோ ஆட்டுக்கறியோ வாரத்தில் ஒரு நாள் சிறிதளவு உண்கிறேன். முட்டையில் ப்யூரின் மிகக் குறைவு என்பதால் அதற்குத் தடை இல்லை.

பருப்பு விஷயத்தில் சற்று நின்று பேச வேண்டும், ஏனென்றால் தமிழ் வீட்டில் பருப்பை எடுத்துவிட்டால் சாப்பாட்டின் முதுகெலும்பே போய்விடும். பருப்பிலும் பயறிலும் காளானிலும் காலிஃபிளவரிலும் கீரையிலும் ப்யூரின் இருப்பது உண்மையே. ஆனால் ஒரு பொருளில் ப்யூரின் இருப்பதும், அதை உண்பவருக்கு நோய் வருவதும் ஒன்றாகிவிடாது. அமெரிக்காவில் 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004இல் வெளியான ஆய்வில், இறைச்சியும் கடலுணவும் மிகுதியாக உண்டவர்களுக்கு இந்நோய் கூடுதலாக வந்தது. ப்யூரின் மிகுந்த காய்களையும் பயறு வகைகளையும் உண்டவர்களுக்குக் கூடவில்லை. பால் பொருள்கள் உண்டவர்களுக்குக் குறைந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த இச்செய்தி, மருந்துக் கடைத் தாளுக்கு இன்னும் வந்து சேரவில்லை. பருப்பை நிறுத்திவிட்டு அந்த இடத்தை வெள்ளைச் சோற்றாலும் உருளைக்கிழங்கு வறுவலாலும் நிரப்பினால் எடை கூடும். எடை கூடினால் யூரிக் அமிலமும் கூடும். எனவே ஒரு கரண்டி சாம்பார், ஒரு கிண்ணம் பாசிப்பயறு என்ற அளவில் எங்கள் வீட்டில் பருப்பு தொடர்கிறது. ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பச்சைப் பட்டாணியும் பட்டர் பீன்ஸும் வந்து குவியும் பருவத்தில் அவற்றை விட்டுவிட்டு வரும் மனவலிமை எனக்கு இல்லை. விட வேண்டிய தேவையும் இல்லை. ஒருவருக்கு ஒரு குறிப்பிட்ட உணவுக்குப் பின் மீண்டும் மீண்டும் வலி வந்தால் அவர் அதை விலக்கிக்கொள்ளலாம். அது அவருடைய உடலைப் பற்றிய செய்தியே ஒழிய, ஊருக்குப் பொதுவான விதி ஆகாது.

பட்டியல்களில் இல்லாத பெரிய குற்றவாளி இனிப்பு. குறிப்பாக, ஃபிரக்டோஸ் என்ற பழச்சர்க்கரை. கல்லீரல் இதைக் கையாளும்போது உயிரணுவின் ஆற்றல் நாணயமான ஏடிபியை மிக வேகமாகச் செலவழிக்கிறது. அவ்வாறு உடைந்த ஏடிபியின் எச்சம் ப்யூரினாகி, யூரிக் அமிலமாக முடிகிறது. ஒரு துளி ப்யூரினும் இல்லாத உணவு யூரிக் அமிலத்தை ஏற்றும் விந்தை இதுதான். 78,906 பெண்களை இருபத்திரண்டு ஆண்டுகள் கவனித்து 2010இல் வெளியான மற்றோர் அமெரிக்க ஆய்வில், நாளொன்றுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ இனிப்புக் குளிர்பானம் குடித்தவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆரஞ்சுச் சாறு அதே அளவு குடித்தவர்களுக்கும் அப்படியே. என்னைப் போன்ற பெண்களிடம் பார்த்து எழுதிய ஆய்வு என்பதால் இதன்மேல் எனக்குத் தனி மதிப்பு.

இதை எங்கள் மலைக்குப் பொருத்திப் பார்ப்போம். இங்கே குளிர்பானம் குடிப்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள். ஆனால் மலைத்தேன் இல்லாத வீடு இல்லை. காலையில் வெந்நீரில் எலுமிச்சையும் இரண்டு கரண்டித் தேனும் கலந்து குடிப்பது உடம்பைக் குறைக்கும் என்ற நம்பிக்கை எங்கும் பரவியிருக்கிறது. தேனில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் ஃபிரக்டோஸ். அது மலையில் எடுத்ததா, பெட்டியில் வளர்த்ததா என்பதைக் கல்லீரல் விசாரிப்பதில்லை. வெல்லமும் நாட்டுச் சர்க்கரையும் வெள்ளைச் சர்க்கரைக்கு மாற்று என்று கொள்வதும் இவ்வகையில் செல்லாது. மூன்றிலும் பெரும்பகுதி சுக்ரோஸ், அதில் பாதி ஃபிரக்டோஸ். மலைக்குக் கீழே பழனியின் பஞ்சாமிர்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: 2019இல் புவிசார் குறியீடு பெற்ற அந்தப் பிரசாதத்தில் மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், பேரீச்சை, கற்கண்டு, நெய், ஏலம் எல்லாம் ஒன்றுகூடுகின்றன. முருகன் பிரசாதமாக உள்ளங்கையில் ஒரு துளி வாங்கிக்கொள்வதில் குறை ஏதும் இல்லை. டப்பாவை வீட்டுக்குக் கொண்டுவந்து தோசைக்குத் தொட்டுக்கொள்வது எங்கள் குடும்ப வழக்கம். அதிலிருந்து நான் விலகிக்கொண்டேன்.

பழத்தைப் பழமாகவே கடித்துத் தின்றால் நார்ச்சத்து சர்க்கரையை மெல்லத்தான் விடும்; அளவும் தானாகவே அடங்கும். பிளம்ஸ் பருவத்தில் மூன்று நான்கு, பேரிக்காய்ப் பருவத்தில் ஒன்று, அவ்வளவுதான். சாறு பிழிவதை நிறுத்திவிட்டோம். பட்டர் ஃப்ரூட் என்று நாங்கள் சொல்லும் வெண்ணெய்ப் பழத்தில் சர்க்கரை மிகக் குறைவு. ஆனால் கடைகளில் அதைப் பாலும் சர்க்கரையும் ஐஸ்கிரீமும் சேர்த்து அடித்துத் தருகிறார்கள். உப்பும் மிளகுத் தூளும் தூவித் தின்று பாருங்கள். அதன் உண்மையான சுவை அதுதான் என்பது என் துணிபு.

சேர்த்துக்கொள்ளக் கூடியவற்றில் பாலும் மோரும் முதலிடம். ஆடை நீக்கிய பாலின் புரதம் யூரிக் அமிலம் வெளியேறத் துணை செய்கிறது. அடுத்தது காபி; தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டங்களை அண்டி வாழும் எங்களுக்கு இது இனிய செய்தி. நாள்தோறும் பல கோப்பை குடிப்பவர்களுக்கு, ஆணானாலும் பெண்ணானாலும், இந்நோய் குறைவாகக் காணப்பட்டிருக்கிறது. தேநீருக்கு அத்தகைய நன்மை காணப்படவில்லை, தீமையும் இல்லை. இதற்காகத் தூக்கம் கெடும்படி காபியைக் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே குடிப்பவர் சர்க்கரையை மட்டும் விட்டால் போதும். முடக்கத்தான் தோசையை நான் ருசிக்காகச் செய்கிறேன்; அதன்மேல் மருந்தின் பாரத்தை ஏற்றுவதில்லை.

விரதம் பற்றி ஒரு சொல். ஐப்பசியில் கந்த சஷ்டி ஆறு நாளும் பட்டினி கிடப்பவர்கள் எங்கள் உறவில் பலர் உண்டு. தைப்பூசத்துக்குப் பழனிக்குப் பாதயாத்திரை போகிறவர்களும் உண்டு. நெடுநேரப் பட்டினியில் கொழுப்பு எரிந்து உண்டாகும் கீட்டோன்கள், சிறுநீரகத்தில் யூரிக் அமிலம் வெளியேறும் வழியை அடைத்துக்கொள்கின்றன. அதோடு தண்ணீர்க் குறைவும், பல மைல் நடந்து நொந்த கால்விரலும் சேர்ந்தால் வலி வருவதற்கு வேறென்ன வேண்டும்? நான் இப்போது ஒரு வேளை உணவும், நாள் முழுதும் மோரும் நீரும் என்று விரதம் இருக்கிறேன். உடல் எடையையும் இதே காரணத்தால் மெல்ல மெல்லத்தான் குறைக்க வேண்டும்.

உணவால் முடிந்தது இவ்வளவே. ஆண்டுக்கு இரண்டு முறையோ அதற்கு மேலோ வலி தாக்குபவர்களும், மூட்டில் கட்டி திரண்டவர்களும் அளவை 6க்குக் கீழே கொண்டுவர மாத்திரை எடுக்க வேண்டியிருக்கும். அதைப் பத்தியத்தின் தோல்வி என்று யாரும் எண்ண வேண்டாம். பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2022இல் வெளியிட்ட நெறிமுறையே, குறிப்பிட்ட ஓர் உணவுமுறை மட்டும் இத்தாக்குதல்களைத் தடுக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்கிறது. மறுபுறம், வலியே வராமல் பரிசோதனைத் தாளில் மட்டும் எண் கூடியிருப்பவர்களுக்குப் பொதுவாக மாத்திரை தேவைப்படுவதில்லை. வலி உச்சத்தில் இருக்கும்போது இரத்தத்தில் அளவு இயல்பாகக்கூடக் காட்டும். அதனால் வலி தணிந்து இரண்டு வாரமாவது கழித்து மீண்டும் பார்ப்பது நல்லது.

எனக்கு அலோபியூரினால் என்ற, யூரிக் அமில அளவைக் குறைக்கும் மாத்திரையை நூறு மில்லிகிராமில் தொடங்கி மெல்லக் கூட்டினார்கள். தொடங்கிய முதல் சில மாதங்களில், படிந்தவை கரையும்போது வலி அடிக்கடி வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டதால், வந்தபோது மாத்திரையைக் குற்றம் சொல்லித் தூக்கி எறியவில்லை. தோலில் தடிப்பு கண்டால் மட்டும் உடனே நிறுத்திவிட்டு வரச் சொன்னார்கள். எனக்கு அது வரவில்லை. அந்த மாதங்களில் வலியைத் தடுக்கத் துணையாகத் தந்த கொல்கிசின் என்ற மருந்து, நம் மாநில மலரான செங்காந்தளிலிருந்தும் கிடைப்பது. மலையிறங்கி ஒட்டன்சத்திரம், மூலனூர் பக்கம் போனால் கம்பிப் பந்தலில் அந்தக் கொடி படர்ந்து சிவந்து நிற்பதைக் காணலாம். விதைகள் மருந்துக்காக வெளிநாடுகளுக்குப் போகின்றன. வயலில் கிடைக்கிறதே என்று அந்தக் கொடியின் கண்வலிக் கிழங்கை அரைத்துக் குடிக்கச் சொல்பவர்கள் இன்றும் இருப்பதால் இதைச் சொல்கிறேன்: அதில் மருந்துக்கும் நஞ்சுக்கும் இடைவெளி மிகக் குறுகியது, உயிரே போகும். மாத்திரையாக வரும்போதும் சிறுநீரகம் நலிந்தவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டும். கிளாரித்ரோமைசின் போன்ற சில நுண்ணுயிர்க் கொல்லிகளோடு சேர்க்கக் கூடாது. ஆகவே சளிக்காக வேறொரு மருத்துவரிடம் போனாலும், கொல்கிசின் எடுப்பதைச் சொல்லிவிட்டே மருந்து வாங்க வேண்டும்.